சம்பந்தி ஏறிய உயரம்

என்ஜின் இல்லாத விமானத்தில் மனிதன் எவ்வளவு உயரம் போக முடியும் என்ற கேள்வி ஓசூரில் யாருடைய தூக்கத்தையும் கெடுத்ததாகத் தெரியவில்லை. தூக்கத்தைக் கெடுக்க இங்கே வேறு ஏற்பாடுகள் உண்டு. ஷிப்டு இருக்கிறது. அத்திப்பள்ளி நோக்கி ஊர்ந்துகொண்டே ஹாரன் அடிக்கும் லாரிகள் இருக்கின்றன. எனக்கு மட்டும் அந்தக் கேள்வி பல வருடங்களாக மனதுக்கு நெருக்கமானது. காரணம், அந்தத் துறையில் நானும் ஒரு சாதனையாளன். என் சாதனை தொண்ணூற்றாறு மீட்டர்.

சிரிப்பவர்கள் சிரித்து முடிக்கலாம், காத்திருக்கிறேன். ஏறியது நான் அல்ல, நான் செய்த கிளைடர். இரண்டு கையையும் விரித்தால் வரும் அகலத்துக்கு இறக்கை, பால்சா கட்டை, மேலே ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் தாள், உள்ளே தீப்பெட்டியை விடச் சின்னதாக ஒரு உயரமானி. மோட்டார் கிடையாது. பாறை விளிம்பில் நின்று கையால் வீச வேண்டும். அதன் பிறகு ரிமோட்டில் வாலையும் இறக்கையையும் திருப்பித் திருப்பி, வெயிலில் சூடாகி மேலே எழும் காற்று எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். கிடைத்தால் ஏறும். கிடைக்காவிட்டால் கீழே கள்ளிப்புதரில் போய்ப் பொறுக்கிக்கொண்டு வர வேண்டும். எங்கள் சங்கத்தில் பெரும்பாலும் நடப்பது பொறுக்குவதுதான்.

சங்கம் என்றால் ஏதோ கட்டடம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு வாட்ஸ்அப் குழு, ஒரு பசை டப்பா, ஞாயிற்றுக்கிழமையில் வீட்டில் இருக்கப் பிடிக்காத ஏழெட்டு ஆண்கள். செயலாளர் ஒரு டூல்ரூமில் வேலை பார்க்கும் நண்பன். வீட்டில் தெலுங்கு, கம்பெனியில் கன்னடம், என்னிடம் தமிழ். சூளகிரி தாண்டி ஒரு மொட்டைப் பாறையை அவன்தான் கண்டுபிடித்தான். பாறைக்கு ஒரு பக்கம் மானாவாரிக் காடு, மறுபக்கம் எப்போதோ கைவிட்டுப்போன கிரானைட் குவாரிப் பள்ளம். பள்ளத்தின் பக்கம் யாரும் கிளைடரை வீச மாட்டோம். அங்கே போனது திரும்பாது என்பது எங்கள் அனுபவம்.

என்னுடைய தொண்ணூற்றாறு மீட்டர் அந்தப் பாறையில் நடந்தது. அன்றிலிருந்து ஒருவரும் அதைத் தாண்டவில்லை. பள்ளியில் நான் எதிலும் முதலாவது வந்ததில்லை. கம்பெனியில் என் பதவி உயர்வு என்பது நாற்காலிக்குச் சக்கரம் வைத்ததோடு நின்றுவிட்டது. சொந்த வீட்டில் என் இடம் எது என்பதைப் பற்றிப் பேசுவது இந்தக் கட்டுரையின் நோக்கமல்ல. இந்த ஒன்றில் மட்டும் நான் முதல். ஆகவே அதை ஒரு போட்டோவாக்கி, கிளைடரைத் தோளில் சாய்த்து நான் வானத்தைப் பார்க்கும் கோலத்தில், கீழே எண்ணையும் போட்டு, ஹாலில் மாட்டியிருந்தேன்.

நானும் படித்தவன் ஆகையால், சாதனைகளைப் பற்றிப் படித்தேன். கிளைடர் தோன்றிய காலத்தில் ஒரு மேட்டிலிருந்து கிளம்பிக் கொஞ்ச நேரம் விழாமல் இருப்பதே பெரிய விஷயம். பிறகு இடிமேகத்துக்குள் தெரிந்தே நுழைந்து, அது உறிஞ்சிய உறிஞ்சலில் மேலே போனவர்கள் வந்தார்கள். சிலர் கிளைடரை அங்கேயே விட்டுவிட்டு பாராசூட்டில் தனியாக வந்தார்கள். அதற்கும் பிறகு, மலையைத் தாண்டும் காற்று, கல்லைத் தாண்டும் ஆற்று நீர் மாதிரி எழும்பி அலையாகிறது என்று கண்டுகொண்டார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒருவர் அந்த அலையைப் பிடித்து நாற்பத்தாறாயிரம் அடிக்கு மேலே போய்விட்டார். இன்று பெங்களூரிலிருந்து டெல்லி போகிற விமானம் அவருக்குக் கீழேதான் போகும். உள்ளே காற்றழுத்தம் கட்டிய அறை கிடையாது. முகத்தில் ஆக்சிஜன் முகமூடி, சுற்றிலும் எலும்பு வெடிக்கும் குளிர். இன்னும் ஏறியிருக்கலாமாம், இதற்கு மேல் உடம்பு தாங்காது என்று இறங்கிவிட்டார். அந்த உயரத்தை இன்னொருவர் தாண்டக் கால் நூற்றாண்டு ஆயிற்று.

அந்தக் காலத்தில், போய் வந்தேன் என்று வாயால் சொன்னால் போதாது. கிளம்பும்போதே கிளைடருக்குள் ஒரு பெட்டியை வைத்து சீல் அடித்துவிடுவார்கள். உள்ளே ஒரு உருளை மெதுவாகச் சுற்றும். காற்றழுத்தம் குறையக் குறைய ஒரு முள் அதன்மேல் கோடு கீறிக்கொண்டே போகும். இறங்கிய பிறகு சீலை உடைத்து அந்தக் கோட்டைப் படிப்பார்கள். அதில் இரண்டு கணக்கு உண்டு. எவ்வளவு உயரத்துக்குப் போனார் என்பது ஒன்று. மற்றது, இழுத்துச்சென்ற விமானத்தின் கயிற்றை விட்டபிறகு எவ்வளவு தாழ இறங்கினாரோ அந்த இடத்திலிருந்து எவ்வளவு ஏறினார் என்பது. கீழ்ப்புள்ளியிலிருந்து மேல்புள்ளி. இந்த இரண்டாவது கணக்கில் அந்த அமெரிக்கரின் சாதனை, நான் படித்தவரை, இன்னும் அப்படியே நிற்கிறது.

இந்த இரண்டாவது கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஏனென்றால் என் கிளைடர் கையை விட்டதும் இரண்டு மீட்டர் தொபுக்கென்று இறங்கி, அப்புறம்தான் தொண்ணூற்று நாலுக்குப் போனது. தொண்ணூற்று நாலைத் தொண்ணூற்றாறு ஆக்கித் தரும் விதி ஒன்று உலகத்தில் இருக்கும்போது அதைக் கண்டுகொள்ளாமல் இருப்பது படிப்புக்கு அவமரியாதை. சங்கத்தின் விதியாக அதை எழுதிக் குழுவில் போட்டேன். செயலாளர் படிக்காமலே கட்டைவிரலைத் தூக்கினான். "நீங்க சொன்னா சரிண்ணா," என்றான். மற்றவர்கள் கட்டைவிரலைக்கூடத் தூக்கவில்லை.

இப்படியிருக்கையில் என் பெண்ணுக்கு வரன் அமைந்தது. பெங்களூரில் இரண்டு பேருக்கும் ஒரே கம்பெனி. அவர்களே பார்த்துப் பேசி முடித்துவிட்டு எங்களிடம் ஒப்புதல் வாங்கினார்கள். மாப்பிள்ளையின் அப்பா திருநெல்வேலிப் பக்கம். வேலைக்காக ஓசூருக்கு வந்து, உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருடம் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போதும் சட்டைப் பையில் பேனா இருக்கும் இடத்தில் வெர்னியர் அளவுகோல் இருக்கும். முதல்முறை எங்கள் வீட்டுக்கு வந்தவர் பெண்ணைப் பார்த்ததை விட ஹாலில் இருந்த போட்டோவை அதிக நேரம் பார்த்தார்.

"இது என்னது சம்பந்தி, தொண்ணூத்தாறு?"

சொன்னேன். சுருக்கமாகச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. கையை விட்டதும் இறங்கிய அந்த இரண்டு மீட்டரை மட்டும் விட்டுவிட்டேன். உயரத்தைப் பற்றிச் சொன்னபோது அவர் தலையாட்டினார், சீல் வைத்த பெட்டியைப் பற்றிச் சொன்னபோது எழுந்தே நின்றுவிட்டார். "அப்படில்லா இருக்கணும்!" என்றார். மறுவாரம் வெர்னியர் வைத்து அளந்து பால்சா வாங்கினார். இறக்கையின் இரண்டு பக்கமும் ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லாமல் ஒரு கிளைடரைச் செய்து முடித்தார். ஞாயிறுதோறும் பாறைக்கு வந்தார். முப்பது மீட்டர் ஏறினார், நாற்பத்தைந்து ஏறினார். என் எண்ணைத் தாண்ட வேண்டும் என்பதை அவர் மறைக்கவில்லை.

என் மனைவிக்கு இது தெரிந்ததும் விஷயம் விமானத் துறையிலிருந்து கல்யாணத் துறைக்கு மாறியது. அவள் பிறந்த வீடு தர்மபுரிப் பக்கம். சம்பந்தி மரியாதையில் அங்கே ஒரு சட்டப் புத்தகமே உண்டு. மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்த பிறகு நாம் உட்கார வேண்டும். அவர்கள் சொல்வதெல்லாம் சரி. அவர்கள் கொண்டுவருவதெல்லாம் ருசி.

"ஏங்க, அந்தாளு பிளேனை உட்டு ஜெயிச்சுட்டுப் போறாரு, உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"நான் என்ன பண்ணேன்? அவரு ஏத்தட்டும்."

"பொண்ணையே குடுக்கறோம். ரெக்கார்டக் குடுக்க முடியாதா?"

"ரெக்கார்டு குடுக்கற சாமான் இல்லடி, எடுக்கற சாமான்."

"அப்ப எடுத்துக்கட்டும். நீங்க மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காம இருங்க. அவரு ஏறலைன்னா உங்க மூஞ்சில ஒரு சிரிப்பு வருது பாருங்க, அது எனக்கு மட்டும் தெரியுதுன்னு நெனைக்காதீங்க."

அதனால் அடுத்த நாலு மாதமும் நான் முகத்தைப் பழக்கினேன். காரில் முன்சீட்டு அவருக்கு. பாறையில் குடை நிழல் அவருக்கு. அரசியலில் அவர் கட்சி எனக்கும் திடீரென்று நல்ல கட்சியாகத் தெரிந்தது. சம்பந்தியம்மா ஒவ்வொரு முறையும் கொண்டுவரும் முந்திரிக்கொத்து என்ற பாசிப்பயற்று உருண்டையை, ஒரு கடைவாய்ப்பல்லைக் காணிக்கையாகத் தரத் தயாராகிக் கடித்து, "பிரமாதம்" என்று சொன்னேன். எல்லாம் கொடுத்தேன். அந்தத் தொண்ணூற்றாறு மட்டும் கையை விட்டுப் போய்விடக் கூடாது என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன்.

மாசிக் கடைசியில் ஒரு ஞாயிறு. இரண்டு குடும்பமும் சேர்ந்து போவோம், சாப்பாடும் அங்கேயே என்று முடிவாயிற்று. புங்க மரத்தடியில் பாயை விரித்து மனைவியும் சம்பந்தியம்மாவும் டிபன் கேரியரைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நல்ல வெயில். பாறை கொதித்தது. சம்பந்தி ஆள்காட்டி விரலை எச்சிலில் நனைத்துக் காற்றுப் பார்த்தார், உயரமானியை ஆன் செய்து பூஜ்யத்தில் வைத்தார், செயலாளரிடமும் காட்டி உறுதி செய்துகொண்டார், வீசினார்.

வீசிய வேகத்தில் காற்று ஒரு தள்ளுத் தள்ளியது. கிளைடர் காட்டுப் பக்கம் போகாமல் திரும்பிப் பள்ளத்தின் மேலே போய்விட்டது. போனதும் விழத் தொடங்கியது. விளிம்புக்குக் கீழே, அதற்கும் கீழே, குவாரிச் சுவரின் வெட்டுக்கோடுகளை ஒவ்வொன்றாகக் கடந்து உள்ளே இறங்கிக்கொண்டே இருந்தது. நாங்கள் விளிம்பில் நின்று குனிந்து பார்த்தோம்.

"போயிந்தண்ணா," என்றான் செயலாளர். உணர்ச்சிவசப்பட்டால் அவன் தெலுங்குக்குப் போய்விடுவான். 'போச்சு' என்கிறான்.

சம்பந்தியம்மா மரத்தடியிலிருந்து குரல் கொடுத்தார். "விழுந்துட்டா? விழட்டும், வந்து சாப்பிடுங்க!"

நான் முகத்தை இறுக்கிப் பிடித்திருந்தேன். உள்ளே என்ன நடந்தது என்பதை என் மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

அப்போது பள்ளத்தின் எதிர்ச்சுவரை ஒட்டி ஒரு பருந்து இறக்கையை அசைக்காமல் வட்டம் போட்டு மேலே வந்தது. சம்பந்தி அதைப் பார்த்துவிட்டார். ஒரு வார்த்தை பேசாமல் கிளைடரைப் பருந்துக்குக் கீழே கொண்டுபோய் அதே வட்டத்தில் வைத்தார். காலையிலிருந்து வெயில் குடித்த கருங்கல் சுவர் வெந்நீர் அண்டா மாதிரி காற்றைக் கிளப்பிக்கொண்டிருந்திருக்கிறது. இத்தனை வருடத்தில் எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. விழுந்துகொண்டிருந்தது நின்றது. பிறகு மிதந்தது. பிறகு ஏறியது. விளிம்புக்கு வந்து, எங்கள் கண்மட்டத்துக்கு வந்து, தலைக்கு மேலே போனது.

"எக்குதா உந்தண்ணா! எக்குதா உந்தி!" என்று செயலாளர் குதித்தான். ஏறுகிறது என்பதை அவன் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை.

ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றுவிட்டது. பருந்து மட்டும் மேலே போயிற்று. சம்பந்தி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, அழகாக இறக்கிக் காய்ந்த புல்லில் வைத்தார். எல்லாரும் கைதட்டினார்கள். செயலாளர் உயரமானியைப் போனில் இணைத்துப் பார்த்தான்.

"எழுவத்தொண்ணு."

சம்பந்தி முகத்தில் ஒரு கணம் உற்சாகம் வடிந்தது. உடனே சமாளித்து என் தோளில் கை வைத்தார். "அப்ப உங்க தொண்ணூத்தாறு நிக்கி, சம்பந்தி. இருக்கட்டும், அது நல்ல ரெக்கார்டு."

மரத்தடியிலிருந்து மனைவி என்னைப் பார்த்தாள். ஒழுங்காகத் தோற்கக்கூடத் தெரியாத மனிதனைப் பார்க்கும் பார்வை.

நான் போனை வாங்கினேன். திரையில் கோடு. பூஜ்யத்தில் தொடங்கி, பள்ளத்தில் இறங்கி, மைனஸ் முப்பத்தெட்டைத் தொட்டு, அங்கிருந்து நிமிர்ந்து எழுபத்தொன்று வரை. கூட்டல் என் அனுமதி இல்லாமல் தானாக நடந்தது. நூற்றொன்பது. என் சாதனை, என் விதியால், என் கண்ணெதிரே செத்துக் கிடந்தது. அந்தப் பாறையில் இது தெரிந்த ஒரே ஜீவன் நான்.

நேர்மை என்று யாரும் பாராட்ட வேண்டாம். ஒருவருக்கும் தெரியாத விதி ஒன்று எனக்குத் தெரிந்திருந்து, அதை விளக்க அருமையான சந்தர்ப்பமும் வாய்த்திருந்தது. அந்தச் சபலத்தை வெல்லும் மனிதனாக நான் வளர்க்கப்படவில்லை.

"சம்பந்தி, நீங்க ஜெயிச்சிட்டீங்க," என்றேன்.

அவர் சிரித்தார். "சும்மா இருங்க."

"இல்லைங்க. கீழ எவ்வளவு போச்சோ அங்கிருந்து கணக்கு. முப்பத்தெட்டும் எழுவத்தொண்ணும் நூத்தி ஒம்பது. ரூல் இருக்கு. நானே எழுதுனது."

"நீங்க எழுதுன ரூலு, நீங்களே எனக்காவ வளைக்கீங்க." செயலாளர் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா தம்பி, பொண்ணு வீட்டு மரியாதைன்னா இது."

"ஆமாங்க, அண்ணன் எப்பவுமே அப்படித்தான்," என்றான் விதியைப் படிக்காமல் கையெழுத்துப் போட்ட பாவி.

"மரியாதை இல்லைங்க, நெசமா…"

"போன வாரம் குடை, முந்தின வாரம் முன்சீட்டு, இந்த வாரம் ரெக்கார்டா? வேண்டாம் சம்பந்தி. நான் ஏத்தி எடுத்துக்கிடுதேன்."

சம்பந்தியம்மாவும் எழுந்து வந்துவிட்டார். "அண்ணே, இவுகளுக்கு இதெல்லாம் ஜெயிச்சுதான் ஆவணுமா? நீங்க மனசு கஷ்டப்படாதீங்க."

நாலு மாதமாக நான் சொன்ன பொய்கள் வரிசையாக வந்து என் ஒரே உண்மையை மறித்துக்கொண்டு நின்றன. எவ்வளவு சொன்னேனோ அவ்வளவு என் பெருந்தன்மை கூடியது. உலகத்தில் தோற்றவர்கள் நிறைய. தோற்றேன் என்று நிரூபிக்க வியர்வை சிந்தியவன் நானாகத்தான் இருப்பேன். கடைசியாக அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "உங்க நல்ல மனசுக்கு நன்றி," என்றார். எனக்குள் ஏதோ ஒரு சீல் உடைந்தது.

"நல்ல மனசாவது மண்ணாவது! ஏன்யா, முப்பது வருசம் கேஜு புடிச்சேன், கேஜு புடிச்சேன்ங்கறீரு, முன்னாடி இருக்கற மைனஸு கண்ணுக்குத் தெரியலையா? எந்தப் பீஸைத்தான் பாத்து பாஸ் பண்ணீரோ!"

மரத்தடியில் கரண்டி பாத்திரத்தில் மோதிய சத்தம் நின்றது. பெண்ணைப் பெற்றவன், கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கையில், சம்பந்தியின் முப்பது வருட உத்தியோகத்தை நடுப்பாறையில் வைத்து ரிஜெக்ட் செய்துவிட்டான். என் மனைவி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

சம்பந்தி என் கையிலிருந்த போனை வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். கோட்டின் அடிப்பள்ளத்தில் விரலை வைத்து, இரண்டு விரலால் பெரிதாக்கி, ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு குழுவில் தேடச் சொல்லி என் விதியை வரிவரியாகப் படித்தார். அந்த விதிக்குக் கிடைத்த முதல் வாசகர் அவர்தான்.

தலையை நிமிர்த்தியபோது முகமெல்லாம் சிரிப்பு. "இப்பத்தான் நம்புதேன். நாலு மாசத்துல நீங்க என்கிட்ட சொன்ன மொத உண்மை இதுதான்."

நான் போனைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

"அப்ப அந்த முந்திரிக்கொத்து?"

"அது வந்துங்க…"

"சொல்லும்!"

"கொஞ்சம் கெட்டிதாங்க."

"கேட்டியாளா!" என்று தன் மனைவி பக்கம் திரும்பிக் கத்தினார். "இருவத்தெட்டு வருசமா நான் சொன்னா கேக்கலைலா! இந்தா, ஒரு சாட்சி கெடைச்சாச்சு!"

சம்பந்தியம்மா என்னைப் பார்த்த பார்வையில் அண்ணன் முறை அறுந்து விழுந்தது. ஆனால் என் மனைவி சிரித்துவிட்டாள். சிரித்ததை மறைக்கப் புளிச்சோற்றைக் கிளறினாள்.

ஒருவேளை தோற்றவன் முகத்துக்காக அவர் கொஞ்சம் அடக்கி வாசிப்பார் என்று நினைத்தேன். செயலாளரை அங்கேயே நிற்கவைத்துக் குழுவில் நூற்றொன்பது என்று போடச் சொன்னார். ஓசூர் திரும்பும் வழி முழுக்க சொந்தக்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டு, "ஆமா, உலக ரூல்படி," என்று சொல்லிக்கொண்டே வந்தார். முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டுதான். மறுநாள் ஹாலில் என் போட்டோவை எடுத்து அலமாரிக்குப் பின்னால் வைத்தேன். சுவரில் வெள்ளையாக ஒரு சதுரம் இருந்தது. இருந்தால் இருந்துவிட்டுப் போகிறது.

சனிக்கிழமை அவரே கூப்பிட்டார். "என்னவே, நாளைக்கு வாரீரா? வந்து தோத்துட்டுப் போரும்." அவர் ஊரில் 'வே' என்பது மனதுக்கு நெருங்கியவர்களுக்கு மட்டும் என்று என் மனைவிக்கு விளக்கினேன். அவள் நம்பவில்லை. இனி நான் சொல்வதைச் சோதித்துத்தான் வாங்குவாளாம்.

போனேன். எனக்குத் திட்டம் இருந்தது. ஏறுவதைப் பற்றி மட்டுமே யோசித்த இத்தனை வருடமும் வீண். இனி இறங்குவதில்தான் எதிர்காலம். நேராகப் பள்ளத்தைப் பார்த்து வீசினேன். கிளைடர் கணக்காக இறங்கியது. கண்ணளவில் முப்பது, முப்பத்தைந்து, சம்பந்தியின் முப்பத்தெட்டையும் தாண்டியது. எனக்கு ஆனந்தம். எதிர்ச்சுவரைப் பார்த்தேன். அன்று பருந்து வரவில்லை. மேகம் வந்து வெயிலை மூடியிருந்தது. என் கிளைடர் பள்ளத்தின் அடியில் கல் சில்லுகளின்மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

முன்பு லாரிகள் இறங்கிய சரிவுப்பாதை ஒன்று இருக்கிறது. அதன் வழியே இறங்கினேன். வால் ஒடிந்திருந்தது. உயரமானியைப் போனில் இணைத்துப் பார்த்தேன். மேலே விளிம்பில் இரண்டு தலைகள் தெரிந்தன.

"என்னவே, ரீடிங் என்ன?" சம்பந்தியின் குரல் சுவருக்குச் சுவர் இடித்துக்கொண்டு வந்தது.

"மைனஸ் நாப்பத்தி ஒண்ணு!" என்று கத்தினேன். "கீழ்ப்புள்ளி ரெடி! மேல்புள்ளிதான் பாக்கி!"

"சாப்பாடு ஆறுது, ஏறி வாரும்வே!"

கிளைடரைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அந்தச் சரிவில் ஏறினேன். நடுவில் இரண்டு முறை உட்கார்ந்தேன். மேலே போய்ச் சேர்ந்தபோது பேச மூச்சில்லை. உயரமானியை அணைக்க மறந்திருந்தேன். சம்பந்தி அதை வாங்கிப் போனில் போட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு கோட்டைப் பார்த்தார்.

"கீழ்ப்புள்ளியிலேர்ந்து நாப்பத்தி ஒண்ணு ஏத்தம்," என்றார். "நடந்தே வந்ததுக்கு மோசமில்ல. மீட்டிங்ல வச்சுப் பேசுவோம்."